கணைய ஆபரேஷனுக்குப் பின் கசிந்தால்: தோல் வழியா, இரைப்பை வழியா, மறுபடியும் கத்தியா?

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள். கணையத்தின் வால் பகுதியையும் மண்ணீரலையும் எடுத்தாயிற்று. தையல் ஆறி வருகிறது, இட்லி இறங்குகிறது, வயிற்றில் தேங்கும் நீர் வெளியே வடிய வைத்த டியூப்பான டிரெய்னையும் எடுத்துவிட்டார்கள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு. அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே வலி. சி.டி. ஸ்கேனில் இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாத்துக்குடி அளவுக்கு நீர் கட்டியிருக்கிறது. வீட்டார் முதலில் கேட்பது ஒன்றே: “மறுபடியும் வயித்தைத் திறக்கணுமா சார்?”

பெரும்பாலும் வேண்டியதில்லை. அந்தப் பதிலைச் சொல்வது எளிது. அப்படியானால் வேறு எந்த வழி என்பதுதான் டாக்டர்களே கூடிக்கூடிப் பேசுகிற விஷயம். நான் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டு வைத்தியம், செய்கிறவன். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்களே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அப்படி இருந்தும் இதில் சில இடங்களில் “எண்டோஸ்கோப்பை எடுக்காதே” என்று சொல்லப்போகிறேன். மேலே சொன்ன நோயாளி ஒருவர் அல்லர். பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன்.

முதலில், ஏன் கசிகிறது? கணையம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீர் சுரக்கிறது. சாப்பாட்டில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைக்க வேண்டிய நீர் அது. வெட்டிய முனையிலிருந்தோ, குடலோடு சேர்த்துத் தைத்த இடத்திலிருந்தோ ஒழுகினால், பக்கத்தில் இருப்பதைக் கரைக்கத் தொடங்கும். நோயால் கல்போல இறுகிய கணையத்தில் தையல் நன்றாகப் பிடிக்கும். மிருதுவான கணையத்தில், அதுவும் உள்ளே ஓடும் நாளம் மெல்லியதாக இருந்தால், வெண்ணெயில் ஊசி போட்டதுபோல. கணையம் நல்ல நிலையில் இருப்பவருக்குத்தான் கசியும் ஆபத்து அதிகம் என்பது இந்த ஆபரேஷனின் வேடிக்கை. எத்தனை கைதேர்ந்த சர்ஜன் செய்தாலும் சிலருக்குக் கசியத்தான் செய்யும்; உடனே யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

எதைக் கசிவு என்பது என்பதிலேயே முன்பு ஆளுக்கொரு கணக்கு இருந்தது. 2005இல் சர்வதேசக் குழு ஒன்று இலக்கணம் வகுத்தது, 2016இல் திருத்தியது. மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டிரெய்னில் வரும் நீரில் அமைலேஸ் என்ற செரிமான நொதியின் அளவு, ரத்தத்தில் இருக்கலாம் என்ற உச்சவரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் கசிவு. ஆனால் நோயாளிக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லையென்றால் அது வெறும் ஆய்வகக் கசிவு, சிகிச்சை தேவையில்லை. டிரெய்ன் மூன்று வாரத்துக்கு மேல் இருக்க வேண்டியிருந்தால், அல்லது புதிதாக டியூப்போ, உள்ளுக்குள்ளேயே வடிய வழிவிடும் சிறு குழாயான ஸ்டென்டோ போட வேண்டிவந்தால் பி வகை. மறு ஆபரேஷன், உறுப்புச் செயலிழப்பு, மரணம் என்று போனால் சி வகை. நாங்கள் செய்யும் வேலையெல்லாம் பி வகையில் இருப்பவர் சி வகைக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

கத்தியை ஏன் கடைசியில் வைக்கிறோம்

ஒரு காலத்தில் பெரிய கசிவு என்றால் மறுபடி திறப்பார்கள், கழுவுவார்கள், சிலருக்கு மீதிக் கணையத்தையும் எடுத்துவிடுவார்கள். கணையம் முழுவதும் போனால் உடலில் இன்சுலின் ஒரு துளியும் இருக்காது. அந்தச் சர்க்கரை நோயைக் கட்டி மேய்ப்பது தனி அவஸ்தை. நெதர்லாந்தில், கணையத்தின் தலைப் பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனுக்குப் பிறகு கடுமையாகக் கசிந்தவர்களின் பழைய கோப்புகளை எடுத்து, ஒரே மாதிரி நிலையில் இருந்தவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்டார்கள். 2017இல் வெளியான அந்த முடிவின்படி, முதலில் டியூப் வைத்தவர்களில் 14.1 சதவீதம் பேர் இறந்தார்கள். முதலிலேயே மறுபடி திறந்தவர்களில் 35.9 சதவீதம். எவ்வளவு கவனமாக ஜோடி சேர்த்தாலும், திறந்து பார்க்கப்பட்டவர்கள் கொஞ்சம் அதிகம் நோயுற்றவர்களாக இருந்திருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் சின்னதல்ல.

அதே நாட்டில் அடுத்து வந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2022இல் லான்செட்டில் வந்தது. கணையம் வெட்டுகிற 17 மையங்களிலும் ஒரே நெறிமுறையை ஒவ்வொரு மையமாக அமல்படுத்தினார்கள். தினமும் நோயாளியைப் பார். காய்ச்சலையும் ரத்தப் பரிசோதனையையும் குறி. இந்த எல்லையைத் தாண்டினால் சி.டி. எடு, நீர் இருந்தால் டியூப் வை, ஆன்டிபயாட்டிக் தொடங்கு. அவ்வளவுதான். தலையீடு தேவைப்பட்ட ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, 90 நாளுக்குள் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணினால், 14 சதவீதம் 8 ஆகக் குறைந்தது. மரணம் மட்டும் 5இலிருந்து 3. புதுக் கருவி எதுவும் இல்லை. முன்கூட்டிக் கண்டுபிடித்ததில் வந்த லாபம். எந்த வழி என்று நாங்கள் இரண்டு நாள் விவாதித்துக்கொண்டிருந்தால், அந்த இரண்டு நாளே சிகிச்சையைவிடப் பெரிய காரணமாகிவிடும்.

இந்த ஆய்வுகளில் பயன்பட்டது பெரும்பாலும், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வைத்தியம் செய்யும் ரேடியாலஜி டாக்டர் தோல் வழியாக வைத்த டியூப். என் எண்டோஸ்கோப் அல்ல. இதை மறைத்துவிட்டு எழுதுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

தோல் வழி, இரைப்பை வழி

தோல் வழி டியூப்பின் பெரிய பலம் அவசரத்துக்கு உதவுவது. நீர் கட்டிய இடத்துக்குச் சுற்றுச்சுவர் உருவாகியிருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் நாளானாலும் வைக்கலாம். மயக்க மருந்து வேண்டாம், மரத்துப்போகும் ஊசி போதும். அல்ட்ராசவுண்டிலோ சி.டி.யிலோ பார்த்து ஊசி, கம்பி, பிறகு நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள டியூப். ஐ.சி.யூ.வில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு நான் யோசிக்காமல் கைகாட்டுவது இதைத்தான். அடைத்துக்கொண்டால் கழுவலாம், போதாவிட்டால் பெரிதாக மாற்றலாம். நீர் இரைப்பையிலிருந்து தள்ளி, கல்லீரலுக்கு அடியிலோ இடுப்பெலும்புப் பக்கமோ இருந்தால் எனக்கு எட்டவே எட்டாது, ரேடியாலஜி டாக்டருக்கு எட்டும்.

விலை என்ன? அந்தப் பை. வீட்டுக்குப் போகும்போது இடுப்பில் தொங்கும் பை. கணைய நீர் தோலில் பட்டால் வெந்ததுபோலப் புண்ணாகும். படுக்கும்போது புரண்டால் இழுபடும், கழன்று வரும், மறுபடி ஆஸ்பத்திரி. ஒழுகுவது நிற்காவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். வெளியே போகும் நீரோடு உப்பும் பைகார்பனேட்டும் போகும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பார்வை, கோயிலுக்குப் போகத் தயக்கம், கட்டிய வேட்டி ஈரமாவது. இதெல்லாம் எந்த ஆய்வு அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஆனால் நோயாளி ஆறு மாதம் கழித்துப் பேசுவது இதைப் பற்றித்தான்.

இரைப்பை வழியில் பை கிடையாது. எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கும். வாய் வழியாக இரைப்பைக்குள் போய், அதன் பின்சுவர் வழியாகவே நீர்க்கட்டைப் பார்க்கிறோம். நடுவில் ரத்தக்குழாய் இல்லை என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் உறுதிசெய்து, ஊசியால் குத்தி, கம்பி விட்டு, துளையை அகலமாக்கி, ஸ்டென்ட் வைக்கிறோம். கசிகிற கணைய நீர் இரைப்பைக்குள் விழுகிறது. போக வேண்டிய குடலுக்கே அது திரும்பிப் போய்விடுவதால் செரிமானமும் கெடுவதில்லை. வால் பகுதி எடுத்த ஆபரேஷனில் நீர் தேங்குவது பெரும்பாலும் இரைப்பைக்கு நேர் பின்னாலோ மண்ணீரல் இருந்த குழியிலோதான். கேட்டு வாங்கியதுபோல அமைந்த இடம். தோல் வழியாக அதே இடத்துக்குப் போக ரேடியாலஜி டாக்டர் நுரையீரல் உறை, பெருங்குடல், இடது சிறுநீரகம் என்று விலகி விலகிப் போக வேண்டியிருக்கும்.

எனக்குள்ள தடை நாள் கணக்கு. கணைய அழற்சியில் வரும் நீர்க்கட்டுக்கு நான்கு வாரம் காத்திருப்பது மரபு. அதற்குள் சுவர் கெட்டிப்படும், குத்தினால் வயிற்றுக்குள் சிதறாது. ஆபரேஷனுக்குப் பின் வரும் கட்டுக்கு இந்தக் கெடு அவ்வளவு கறாராகப் பொருந்துவதில்லை. கத்தி பட்ட இடத்தில் இரைப்பை சீக்கிரமே ஒட்டிக்கொள்கிறது. 30 நாளுக்குள் செய்தவர்களும் தாமதித்துச் செய்தவர்களைப்போலவே தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. என் சொந்த வழக்கம்: முதல் வாரத்தில் தொடுவதில்லை, இரண்டாம் வாரத்தில் சி.டி.யில் விளிம்பு தெரிகிறதா, இரைப்பைச் சுவருக்கும் கட்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளாக இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பேன். பயப்பட வேண்டியது ரத்தக்குழாய்க்கு. மண்ணீரலின் சிரை அடைத்துப்போனவர்களுக்கு இரைப்பைச் சுவரிலேயே சிரைகள் புடைத்திருக்கும். அங்கே குத்துவது பாம்புப் புற்றில் கைவிடுவது.

இரண்டில் எது மேல்? முறையாகக் குலுக்கல் போட்டுப் பிரித்த பெரிய ஆய்வைக் காட்டி நான் பேச முடியாது. கையில் உள்ளவை பெரும்பாலும் பழைய கோப்புகளை வைத்துச் செய்த ஒப்பீடுகள். அவற்றில் வெற்றி இரண்டுக்கும் ஏறக்குறைய அருகருகே வருகிறது. ஆகவே என் தீர்ப்பை என் தீர்ப்பாகவே சொல்கிறேன். வால் பகுதி ஆபரேஷன், முதல் வாரம் தாண்டியாயிற்று, இரைப்பையை ஒட்டிய கட்டு, அனுபவமுள்ள எண்டோஸ்கோப்பி டாக்டர் அங்கேயே இருக்கிறார் என்றால் இரைப்பை வழி. இதில் ஒன்று குறைந்தாலும் தோல் வழி. விப்பிளுக்குப் பிறகு முதல் இரண்டு வாரமென்றால் கேள்வியே இல்லை, தோல் வழிதான். புதிதாகத் தைத்த இரைப்பை இணைப்பு அங்கே இருக்கிறது, அதை ஊதிப் பெருக்கி விளையாட இது நேரமல்ல. போயே ஆக வேண்டுமென்றால் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. அது சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும்.

இன்னொரு வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்: சும்மா இருப்பது. வால் பகுதி எடுத்தபின் ஸ்கேன் எடுத்தால் பலருக்குக் கொஞ்சம் நீர் தெரியும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சாப்பாடு இறங்குகிறது என்றால் அது தானாக வற்றும். ஸ்கேன் படத்துக்கு வைத்தியம் பார்க்கப் போய், சுத்தமாக இருந்த நீரில் ஸ்டென்ட் வழியே கிருமியை ஏற்றிவிட்ட கதைகள் எங்கள் துறையில் உண்டு. ஏற்கெனவே வைத்த டிரெய்ன் நன்றாக வடிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். புதிதாக எதுவும் வேண்டாம்.

பிளாஸ்டிக்கா, உலோகமா

ஆஸ்பத்திரிச் செலவுச் சீட்டில் குடும்பம் திடுக்கிடுவது இங்கேதான். இருபக்கமும் பன்றிவால்போலச் சுருண்ட பிளாஸ்டிக் ஸ்டென்ட் மலிவு. இருபுறமும் விரிந்து நடுவில் இடுங்கிய, உடுக்கை வடிவ உலோக ஸ்டென்ட் அதைப்போல் பல மடங்கு விலை. உலோகத்தின் வாய் 10, 15, 20 மில்லிமீட்டர் அளவுகளில் வருகிறது. நுனியில் மின்சூடு உள்ளதால் குத்துவதும் விரிப்பதும் ஒரே கையோட்டத்தில் முடியும். கெட்டிச் சீழும் செத்த திசுவும் இருந்தால் அந்த அகலம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வரும் கட்டில் பெரும்பாலும் இருப்பது நீர். நீர் வடிய பிளாஸ்டிக் இரண்டு போதும் என்பது என் கட்சி. வேகம் கருதி உலோகத்தை விரும்பும் சக டாக்டர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உலோகம் வைத்தால் ஒரு கடன் சேர்ந்து வரும். கட்டு சுருங்கிய பிறகு அதன் உள்முனை எதிர்ச்சுவரில் உள்ள ரத்தக்குழாயில் உரசும். அழற்சியால் வந்த கட்டுகளில் இந்த ரத்தப்போக்கு கண்ணில் பட்ட பிறகு, மூன்று வாரத்தில் ஸ்கேன் எடுத்து, கட்டு வற்றியிருந்தால் உலோகத்தை எடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நான்கு வாரம் தாண்ட விடக்கூடாது. ஆகவே ஒரு நடைமுறைக் கேள்வி: நோயாளி நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், குறித்த தேதிக்குத் திரும்பி வருவாரா? சந்தேகம் இருந்தால் உலோகம் வேண்டாம். பிளாஸ்டிக் மாதக்கணக்கில் இருந்தாலும் சாது.

கணைய நாளத்துக்குள் ஸ்டென்ட்

வால் எடுத்தவர்களுக்குக் கணைய நீர் குடலில் விழும் வாசல் அப்படியே இருக்கிறது. ஈ.ஆர்.சி.பி., அதாவது எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை விட்டு நாளத்துக்குள் போகும் முறை, செய்து அந்த வாசலில் ஸ்டென்ட் வைத்தால், அழுத்தம் குறைந்து நீர் கசிகிற பக்கம் போகாமல் குடலுக்குப் போகும் என்பது கருத்து. கேட்க நன்றாக இருக்கிறது. கசிவு வராமலிருக்க முன்கூட்டியே வைத்துப் பார்த்த ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வில், 2012இல், பயன் கிடைக்கவில்லை. ஈ.ஆர்.சி.பி.யே கணைய அழற்சியை உண்டாக்கலாம் என்பது வேறு. வாரக்கணக்கில் தோல் டியூப்பில் ஒழுகிக்கொண்டே இருப்பவருக்கு, நாளத்தில் குறுகல் இருப்பதும் தெரிந்தால், அப்போது எடுப்பேன். முதல் ஆயுதமாக அல்ல.

விப்பிளுக்குப் பிறகு பித்தநாளம் அடைத்தால்

இது வேறு ஊர்ப் பயணம். விப்பிளில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் போய், மீதிப் பித்தநாளத்தைச் சிறுகுடலின் ஒரு வளைவில் தைத்துவிடுகிறார்கள். அந்த இணைப்பு மாதங்களோ வருடங்களோ கழித்துச் சுருங்கலாம். திடீரென நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக்கில் சரியாகி அடுத்த மாதம் மறுபடி. “ஏதோ வைரல்” என்று விட்டுவிடுவார்கள். விப்பிள் செய்தவருக்கு நடுக்கக் காய்ச்சல் வந்தால் கல்லீரல் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

வழக்கமான ஈ.ஆர்.சி.பி. குழாய் வளைந்து வளைந்து போகும் அந்தக் குடலில் பல சமயம் எட்டுவதில்லை. ஜப்பானில் ஹிரோனோரி யமமோட்டோ உருவாக்கிய இரட்டை பலூன் எண்டோஸ்கோப் இங்கே கைகொடுக்கிறது. பலூனை ஊதிக் குடலைப் பிடித்து, சட்டைக்கையைச் சுருக்குவதுபோலக் குடலைச் சுருக்கிச் சுருக்கி முன்னேறும். இணைப்பை அடைந்தால் பலூனால் விரித்து, கல்லை எடுத்து, ஸ்டென்ட் வைக்கலாம். இரண்டு மணி நேரம் மல்லாடித் தோற்ற நாட்களும் எனக்கு உண்டு.

மாற்று, தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி விட்டு வைக்கும் டியூப். நிச்சயமானது, ஊர் ஊருக்குக் கிடைப்பது, பையோடு வருவது. மூன்றாவது, இரைப்பையிலிருந்து இடது கல்லீரலின் பித்தநாளத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்துவது. அழகான வேலை, ஆனால் நாளம் விரிந்திருக்க வேண்டும், செய்கிற கை பழகியிருக்க வேண்டும். சீழ் ரத்தத்தில் ஏறி நோயாளி சாய்ந்துவிட்டால் தோல் வழி. நிலையாக இருந்தால் முதலில் பலூன். தோற்றால் மற்றவை.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் பித்தம் கசிவது தனிக் கதை. அப்போது சர்ஜன் வைத்த டிரெய்ன்தான் உயிர்காப்பான். எண்டோஸ்கோப் அந்தப் பக்கம் போகக் கூடாது. கசியும்போது நாளம் விரிந்திருக்காது என்பதால் கல்லீரல் வழி டியூப்பும் சிரமமானதே.

ரத்தம் வந்தால்

இங்கே என்னைக் கூப்பிடாதீர்கள். அல்லது கூப்பிட்டுவிட்டு ரேடியாலஜி டாக்டரையும் அதே நிமிடம் கூப்பிடுங்கள்.

முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் என்றால் தையலிலோ கட்டிய குழாயிலோ பிரச்சினை. இரைப்பை இணைப்பிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் எண்டோஸ்கோப்பில் கிளிப் போடலாம், இல்லையென்றால் சர்ஜன் திரும்பிப் போவார். பயங்கரமானது ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வருவது. கசிந்த கணைய நீர் தமனியை அரித்துவிடுகிறது. விப்பிளில் கட்டிவிட்ட இரைப்பை முன்சிறுகுடல் தமனியின் அடிமுனை அடிக்கடி பலியாவது. பெருவெள்ளத்துக்கு முன் ஒரு சின்ன எச்சரிக்கை வரும்: டிரெய்னில் கொஞ்சம் சிவப்பு, வாந்தியில் கொஞ்சம், பிறகு தானாக நின்றுவிடும். “நின்றுவிட்டதே” என்று ராத்திரி டியூட்டி டாக்டர் நிம்மதியடைந்தால் போச்சு. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நிற்காமல் வரும்.

அந்தச் சின்னச் சிவப்புக்கே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். தொடை வழியாக உள்ளே போய், உறைபோட்ட ஸ்டென்டால் தமனியின் ஓட்டையை மூடலாம், அல்லது காயில் எனும் உலோகச் சுருளை வைத்து அடைக்கலாம். கல்லீரல் தமனியை முழுவதும் அடைத்தால் கல்லீரல் பட்டினி கிடக்கும். முடிந்தவரை உறை ஸ்டென்டே நல்லது. நான் எண்டோஸ்கோப்போடு உள்ளே போனால் காண்பது உறைந்த ரத்தக் குவியல். தமனி இரைப்பைக்கு வெளியே இருக்கிறது. அரை மணி நேரம் கழுவி, ஒன்றும் தெரியாமல், நேரத்தைக் கொன்றுவிட்டு வருவேன்.

இரைப்பை காலியாகாவிட்டால்

விப்பிளுக்குப் பின் சாப்பிட்டது இறங்காமல் வாந்தி வருவது அடிக்கடி நடப்பது. பொறுமை, மருந்து, இணைப்பைத் தாண்டிப் போகும் உணவுக் குழாய். அந்தக் குழாயை எண்டோஸ்கோப்பில் வைத்துக்கொடுப்பேன். ஒன்று மட்டும்: இரைப்பை மக்கர் செய்வது பக்கத்தில் தேங்கிய சீழின் அறிகுறியாகவும் இருக்கலாம். சி.டி. பார்க்காமல் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகக் கூடாது.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஞ்சியோகிராம் செய்ய ஆள் உண்டா என்பது அதில் முதல் கேள்வி. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுவது உத்தமம். எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் இங்கேயே உண்டா, வெளியே அனுப்புவீர்களா? உலோக ஸ்டென்ட் வைத்தால் எடுக்கும் தேதி டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா? ஸ்டென்ட் இருப்பதையே மறந்துபோய் வருடம் கழித்து வந்தவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

அந்த ஒன்பதாம் நாள் நோயாளியிடம் திரும்புவோம். ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது, ஆன்டிபயாட்டிக் தொடங்கிய மறுநாளே காய்ச்சல் தணிந்தது. தணியாதிருந்தால் அன்றே தோல் டியூப் வைத்திருப்போம். ரேடியாலஜி டாக்டரிடம் சொல்லியும் வைத்திருந்தோம். பதினைந்தாம் நாள் மறு சி.டி.யில் கட்டு அப்படியே இருந்தது, விளிம்பு தெரிந்தது, இரைப்பை ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் இரண்டு வைத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். ஆறு வாரத்தில் கட்டு வற்றியிருந்தது. ஸ்டென்டை அவசரமாக எடுக்கவில்லை. கசிகிற நாளம் இன்னும் மூடியிராவிட்டால் அதுவே வடிகாலாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம். நான்கு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டில் ஒன்றுதான் தெரிந்தது. மற்றது எப்போதோ குடல் வழியாகப் போய்விட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. “அது போனதுக்குத் திரும்ப ஒண்ணு வைக்கணுமா சார்?” என்று அவர் மனைவிதான் கேட்டார். வேண்டாம் என்றேன்.